இன்றைக்கு யாருடைய பாடு?

கேரவன் என்றால் என் மகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெருவில் எப்போதாவது ஷூட்டிங் நடக்கும்போது, ஜெனரேட்டர் உறும, கறுப்புக் கண்ணாடி மூடி நிற்குமே, அந்த வண்டி. பொங்கல் கழிந்த வாரம் அப்படி ஒரு வண்டியில் நாமே இரண்டு ராத்திரி தங்கப்போகிறோம் என்றதும் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வந்து நின்றது ஒரு டெம்போ டிராவலர். பின்னிருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி, கூரையில் தண்ணீர் டேங்க். அவளுக்கு அதுவே அரண்மனை. எழுபத்திரண்டு வயதான என் மாமியார் கேட்ட கேள்வி வேறு: "கக்கூஸ் இருக்கா?" இருந்தது, சின்னதாக. "அப்ப நானும் வரேன்" என்றார்.

கேரளத்தில் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே அரசு ஒரு கொள்கை வகுத்தது. நம் பக்கம் இந்தப் பழக்கம் இன்னும் பரவவில்லை. வண்டி கொடுத்தவர், "எல்லாரும் ஊட்டி, மூணாறுன்னு போறாங்க. நீங்க எங்க?" என்று கேட்டார். பழவேற்காடு என்றோம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அங்க ராத்திரி என்ன இருக்கு?" என்றார். அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று என் கணவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. செங்குன்றம், தச்சூர் கூட்டுச்சாலை, பொன்னேரி. பொன்னேரி தாண்டியதும் நெல் வயல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, சீமைக்கருவேலமும் பனையும் நெருங்கி, காற்றில் கருவாட்டு வாசம் ஏறுகிறது. அத்தை ஜன்னலைத் திறந்துவிட்டு மூச்சை இழுத்தார். திருமணமாகி வந்த ஊரில் கடல் இல்லாத குறையை ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் முதல் பாடம். ஏரிக்கரையில் அழகான இடமாகப் பார்த்து நிறுத்திப் படுத்துக்கொள்ள முடியாது. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே 1976இலும், தமிழகத்தின் பகுதியில் 1980இலும் சரணாலயமாக அறிவித்தார்கள். நம்முடைய பங்கு சுமார் 153 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தேசியப் பூங்கா வேறு, சரணாலயம் வேறு. தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மனிதர்களின் உரிமைகள் எதுவும் மிஞ்சாது. சரணாலயத்தில் சில உரிமைகள் தொடரலாம். பழவேற்காட்டில் பூநாரை இரை தேடும் அதே தண்ணீரில் மனிதனும் வலை போடுவது அதனால்தான். இதைச் சட்டப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. இங்கே வந்து நின்றால் அது ஆயிரக்கணக்கான வீடுகளின் அடுப்பு.

கணவரின் அலுவலக நண்பர் மூலம் தெரிந்த ஒரு மீனவக் குடும்பம், ஊரை ஒட்டிய குப்பத்தில் இருந்தது. அவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, கோயில் திடலின் ஓரத்தில் எங்களுக்கு இடம் வாங்கித் தந்தார்கள். பெரியவர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "காசெல்லாம் வேணாம். குப்பை போடாதீங்க. விடியகாலையில வலை தூக்கிட்டுப் போற வழி இது, வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க." தள்ளி நிறுத்தப் போனபோது பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் டயர் காற்றைப் பாதி இறக்கச் சொன்னார், இன்னொருவர் பழைய வலைத் துண்டைச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார், எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். படகைத் தள்ளிப் பழகிய தோள்கள். ஒரே மூச்சில் வண்டி மேலே ஏறிவிட்டது. டீ போட்டுத் தரட்டுமா என்று கேட்க நான் வாய் திறப்பதற்குள் அவர்கள் மறுபடி வலைக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை டச்சுக் கல்லறைக்குப் போனோம். பழவேற்காடு வருபவர்கள் எல்லாரும் போவார்கள். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. மேலே 1656 என்று ஆண்டு. என் மகள் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே, தொல்லியல் துறையின் காவலில், குடும்பச் சின்னங்களும் கப்பல்களும் பொறித்த கல்லறைப் பலகைகள். டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அப்போது அங்கே தலைமை அதிகாரியாக இருந்த வெம்மர் வான் பெர்க்கமின் சொந்த மாகாணத்தின் பெயர் அது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வியாபாரம் முழுவதையும் இந்தச் சின்ன ஊர்தான் ஆண்டது. வெடிமருந்தும் இங்கே செய்தார்கள். பஞ்ச காலங்களில் மனிதர்களையும் வாங்கி, அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. இறந்த வணிகர்களின் பெயர்கள் கல்லில் இவ்வளவு அழகாக நிற்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு நடுகல்கூட இல்லை என்பது அங்கே நிற்கும்வரை மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ராத்திரி வண்டியில் படுக்கும்போது ஜன்னலுக்குத் திரை போதவில்லை. அத்தை தன் பையிலிருந்து ஒரு பழைய கைலியை எடுத்துக் கட்டினார். நீலத்தில் கட்டம் போட்டு, நூற்றுக்கணக்கான சலவை கண்டு, பூவாக மிருதுவாகிவிட்ட துணி. அவருடைய அண்ணன் மலேசியாவின் ஈப்போவில் இருந்தபோது அப்பாவுக்கு அனுப்பியது. என் கணவருக்கு அது தூளி, என் மகளுக்கும் அதுதான் தூளி. "இதுக்கு அண்ணன் ஒரு பேரு சொல்லுவாரு. பெலிக்காட்டு, பெலிக்காட்டும்பாரு" என்றார் அத்தை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலிக்காட்' என்கிறார்கள். பழவேற்காட்டை வெள்ளைக்காரர்கள் புலிகாட் என்றார்கள். இந்தக் கரையின் தறிகளில் நெய்த துணியை டச்சுக்காரர்கள் இங்கிருந்து கப்பலேற்றிக் கிழக்கே கொண்டுபோய், அங்கே அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணிக்குத் துறைமுகத்தின் பெயரே நின்றுவிட்டது. நம் கடைகளில் இன்றும் 'பளையகாட் கைலி' என்று கேட்டு வாங்குகிறவர்கள் இந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சொன்னதும் அத்தை கைலியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இது வீட்டுக்கு வந்திருக்கு" என்றார் கடைசியில்.

மறுநாள் ஐந்து மணிக்கே வெளியே காலடிச் சத்தம். கதவைத் திறந்தால் பனி, அதற்குள் தலையில் வலைச்சுமையோடு போகிற உருவங்கள். ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்களுக்கு இடம் வாங்கித் தந்த அண்ணன் மட்டும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலையாண்ணே?" என்று கேட்டார் என் கணவர்.

"இன்னிக்கு எங்க பாடு இல்ல தம்பி. ராத்திரிக்குத்தான் எங்க பாடு."

பாடு. எத்தனை பொருள் இந்த ஒரு சொல்லுக்கு. வயிற்றுப்பாடு என்கிறோம், படாத பாடு பட்டேன் என்கிறோம், அவன் பாட்டுக்குப் போகிறான் என்கிறோம். கடற்கரையில் மீன்பாடு என்றால் கிடைத்த மீன். பழவேற்காட்டில் அது இன்னும் ஒரு பொருளில் வாழ்கிறது. இறால் ஓடும் இடங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் பாயும் ஒரு சில இடங்களில்தான் சுத்து வலை கட்டினால் இறால் விழும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே போனால் வலையோடு வலை சிக்கும், ஆளோடு ஆள் அடித்துக்கொள்வார்கள். ஆகவே அந்த இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, ஊர் கூடிச் சீட்டு எடுத்து, இன்றைக்கு இன்ன இடத்தில் இன்னார் என்று முறை வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கு உரியது இந்த முறை. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. எழுதி வைத்த சட்டப் புத்தகம் கிடையாது. மீறினால் ஊர் கேட்கும்.

இயற்கை வளத்தைப் பொதுவில் விட்டால் ஆளுக்கு ஆள் சுரண்டித் தீர்த்துவிடுவார்கள் என்று சொல்லும் பொருளாதாரப் பாடங்களை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அதைப் படித்துத் தேர்வு எழுதிய ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், அப்படித் தீர்க்காமலிருக்கத் தெரிந்தவர்கள் தலைமுறைகளாகச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் இப்போதும் இருக்கிறது.

ஆனால் இதில் இன்னொரு பக்கம் உண்டு. அதை அண்ணனே மறைக்காமல் சொன்னார். பாடு எல்லாருக்கும் கிடையாது. 'தலைக்கட்டு' உள்ளவருக்குத்தான். அதாவது அந்த ஊரில், அந்தச் சாதியில் பிறந்து, கல்யாணம் முடித்த ஆணுக்கு. பெண்களுக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் வேறு சாதியினருக்கு இல்லை. இருளருக்கு இல்லவே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் வந்தபோது அந்தத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல இந்தப் பக்கம் வந்து குடியேறின. ஏரி அதே ஏரி, கைகள் கூடிவிட்டன. யாருக்கு முறை உண்டு என்ற கேள்வியில் சண்டைகளும் நடந்திருக்கின்றன. "முறை வேணும்தான். ஆனா முறைக்குள்ள யாரு, வெளிய யாருன்றதுதான் பிரச்சன" என்றார் அண்ணன், வாயைக் கொப்பளித்துக்கொண்டே.

மகள் படகில் போக வேண்டும் என்று நச்சரித்தாள். கரையில் பத்துப் படகுகள் நிற்கும்போது எந்தக் குழந்தைதான் கேட்காது? அண்ணன் குனிந்து அவள் தலையைத் தடவினார். "பாப்பா, உன்னைய ஏத்த மாட்டேன்மா." 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், குடும்பம் குடும்பமாகச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதித்தார்கள். மீன்பிடிப் படகு மீன் பிடிக்கத்தான், ஆள் ஏற்ற அல்ல. காசு கொடுத்தால் ஏற்றுவார்கள் என்று யாராவது சொன்னாலும் தயவுசெய்து ஏறாதீர்கள். ஆழம் இல்லாத ஏரிதானே என்று தோன்றும். பல இடங்களில் இடுப்பளவுதான். முகத்துவாரத்தின் இழுப்புக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல.

படகுக்குப் பதிலாகப் பூநாரை பார்க்கலாம் என்று அவளைச் சமாதானப்படுத்தி, தடா வழியாக சூளூர்ப்பேட்டைக்கு வண்டியை விட்டோம். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாம். விஞ்ஞானிகளின் பேருந்துகள் சர்ரென்று கடந்து போகின்றன. 1971இல் தன் முதல் ராக்கெட்டை ஏவிய தளம் அந்தச் சாலையின் முனையில் இருக்கிறது. இன்று சதீஷ் தவான் பெயரைத் தாங்கி நிற்கிறது. ராக்கெட் ஏறும் நாளில் அந்தப் பக்கக் கடலுக்குள் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அன்றைய மீன்பாடு போச்சு. ஆனாலும் குப்பத்துப் பிள்ளைகள் கரையில் நின்று கைதட்டுவார்கள் என்று அண்ணன் வீட்டு அக்கா சொன்னார்.

பூநாரைகளை முதலில் கண்டுபிடித்தது அத்தை. தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. உப்பளமோ என்று நினைத்தேன். கோடு நகர்ந்தது. வண்டியை ஓரம் கட்டி, பைனாகுலரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். நூற்றுக்கணக்கில், முழங்காலளவு தண்ணீரில், கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்துப் போட்டு மேய்கின்றன. மேல் அலகு கீழாகவும் கீழ் அலகு மேலாகவும் இருக்க, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே, தண்ணீரை உறிஞ்சி, அலகின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் வடிகட்டி, பாசியையும் பொடி இறாலையும் மட்டும் விழுங்குகின்றன. அந்த இரையில் இருக்கும் நிறமிதான் இறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. அழுக்கு வெள்ளையாக இருந்தவை இளசுகள். குஜராத்தில் கட்ச் பாலைவனத்துச் சதுப்பில் பொரித்து வளர்ந்து, ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இறங்குகின்றன. ஒரு லாரி ஹாரன் அடித்தது. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் சிறகு விரித்தது. அதுவரை வெளிறிக் கிடந்த கோட்டுக்குள்ளிருந்து குங்குமமும் கறுப்பும் பீறிட்டன. மகள் கத்தவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் சாயங்காலம் வரை வலித்தது.

திரும்பி வந்ததும், வெயில் தாழ்ந்த நேரத்தில் பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் போய், கடற்கரையோடு நடந்து முகத்துவாரத்தை எட்டினோம். நான் பழவேற்காட்டுக்கு வந்ததே இதற்காகத்தான் என்று அங்கே நின்றபோது தெரிந்தது.

ஒரு ஏரிக்கு வாய் இருக்கும் என்று எங்கே பார்க்க முடியும்? தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காலங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. இந்த வாய் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வரும். இறங்கும்போது ஏரி வெளியே போகும். ஒரு நாளைக்கு இரண்டு முறை மூச்சு. ஐப்பசி மழையில் ஏரி கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் ஆகிவிடும். சித்திரையில் கடலைவிட உப்பாகிவிடும். இறால் குஞ்சு கடலில் பிறந்து இந்த வாய் வழியாக உள்ளே வந்து, ஏரியின் சேற்றில் கொழுத்து, மறுபடி இதே வாய் வழியாகக் கடலுக்குப் போகப் பார்க்கும். போகிற வழியில்தான் சுத்து வலை. பாடு இருப்பதே இந்த வாயால்.

வாய் அடைத்துக்கொண்டால்? தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தை இங்கே 'தெண்டி' என்கிறார்கள். வடக்கிலிருந்து வருவது 'வன்னி'. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் தெண்டிதான். அது மணலைச் சுமந்துகொண்டே போகும். மழை குறைந்த வருடத்தில் ஆற்றுக்கு வெளியே தள்ளும் பலம் இருக்காது. மணல் மேடு கட்டி வாய் மூடிவிடும். படகு கடலுக்குப் போக முடியாது, இறால் உள்ளே வர முடியாது, தண்ணீர் உப்பாகிக்கொண்டே போகும். ஊர்க்காரர்கள் காசு போட்டு, மண்வெட்டியும் கூடையுமாக, பிறகு இயந்திரம் வைத்து, எத்தனையோ முறை வாயைத் திறந்திருக்கிறார்கள். நிரந்தரமாகத் திறந்திருக்கக் கல் கொட்டிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, அரசும் அதற்கான பணியைக் கையில் எடுத்தது.

தெற்கே திரும்பினால் அந்தி வெளிச்சத்துக்கு அடியில் இன்னொரு வெளிச்சம் எழும்பிக்கொண்டிருந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இலும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இலும் வந்தன. கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் நீட்டினால் தெண்டி கொண்டுவரும் மணல் சுவரின் தெற்குப் பக்கமே தங்கிவிடும். வடக்குப் பக்கக் கரைக்குக் கிடைக்க வேண்டிய மணல் கிடைக்காது, கடல் கரையைத் தின்னும். காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை இந்த ஊர்கள் ஆண்டுக்கணக்காக எதிர்த்துவருவதன் காரணம் இதுதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல் பட்டை. அது அறுந்தால் ஏரியே கடல். துறைமுகம் வேண்டாம் என்று வாதிடுபவள் அல்ல நான், என் வீட்டுச் சாமான்களில் பாதி அந்த வழியாகத்தான் வந்திருக்கும். ஆனால் சீட்டில் பெயரே இல்லாமல் வந்து, எல்லாருடைய பாட்டையும் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் ஒரு வலை அது என்ற எண்ணம் அந்த மணலில் நின்றபோது வந்தது. அந்த எண்ணம் இன்னும் மாறவில்லை.

இருட்டிவிட்டது. வடக்கே ராக்கெட் தளத்தின் வெளிச்சம், தெற்கே துறைமுகத்தின் வெளிச்சம், நடுவில் கறுப்பாக ஏரி. வண்டிக்குத் திரும்பியபோது அக்கா நான்கு மடவை மீனைச் செதில் எடுத்து, கழுவி, சொம்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பணம் என்று நான் ஆரம்பித்ததும், "சும்மா இருங்க" என்றார். அத்தை கேஸ் அடுப்பில் குழம்பு வைத்தார். புளியைக் கரைத்து, மிளகாய்த்தூள் சேர்த்து, கொதி வந்ததும் மீனைப் போட்டு, கரண்டி வைத்துக் கிளறாமல் சட்டியைச் சுற்றிச் சுற்றி ஆட்டினார். நாங்கள் நான்கு பேரும் வண்டிப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏரியில் ஒவ்வொன்றாக விளக்குகள் ஏறின. அதில் ஒன்று அண்ணனுடையது. இறங்கு ஓதத்தில் இறால் ஓடும். ராத்திரி முழுக்க வலையோடு நிற்க வேண்டும்.

கடைசி நாள் காலை, மீன் ஏலம் பார்க்கப் போகும் வழியில், பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமாகத் தண்ணீரில் சில தலைகள் நகர்வதைக் கண்டோம். இருளர் பெண்கள். படகு இல்லை, வலை இல்லை. மார்பளவு தண்ணீரில் முழங்காலால் தவழ்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போகிறார்கள். ஓலையில் முடைந்த சிறு கூடை, பறி என்பார்கள், அதன் வாய்ப்பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் இறால் தட்டுப்பட்டால் எடுத்து அதற்குள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கூடையைப் பிடிக்க வாய்தான் மிச்சம். அதனால் மணிக்கணக்காக ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியாது. ஒரு அம்மா கரையேறினார். கைகளைக் காட்டச் சொல்லி என் மகள் கேட்டாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, உள்ளங்கை முழுக்க வெட்டு. சிப்பி கிழித்தது, கெளுத்தி முள் குத்தியது, யாரோ போட்ட பாட்டில் கண்ணாடி. ஆறு மணி நேரத்தில் பறியில் இருந்தது இரண்டு கைப்பிடி. மகள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குப்பத்துக்குத் திரும்பியபோது திண்ணையில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார், காலில் இன்னும் சேறு. பாட்டில் ஓரளவு விழுந்தது என்றார் அக்கா, எவ்வளவு என்று சொல்லவில்லை. முகத்திலிருந்து, மோசமில்லை என்று எடுத்துக்கொண்டேன். எழுப்ப வேண்டாம் என்றோம். அத்தை ஜன்னலிலிருந்து கைலியை அவிழ்த்து மடிக்கும்போது அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்டார். அத்தை தன் அண்ணன், ஈப்போ, பெலிக்காட்டு என்று கதை முழுவதையும் சொன்னார். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க ஊருலயா? இங்க ஏதும்மா தறி?" கைலியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அத்தை வாங்கவில்லை. "பொண்ணு மாசமாயிருக்குன்னு சொன்னியே. தூளி கட்டு" என்றார்.

எட்டுப் பேர் வரவில்லை, மூன்று பேரே வந்து வண்டியைத் திடலிலிருந்து தார்ச்சாலை வரை மணலில் கைபிடித்து நடத்திக் கொடுத்தார்கள். டயரில் காற்றை மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று அவர்களில் இளையவன் ஞாபகப்படுத்தினான். பொன்னேரி போய்ச் சேரும்வரை மெதுவாகவே போனோம்.